சேஸிஸ் இல்லாத முதல் கார் எது: லான்சியா லாம்டாவா, சித்ரோயன் டிராக்‌ஷனா?

நான்காம்கியர் எழுதியது:

பழைய கார்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. இன்று சாலையில் ஓடும் சிறிய கார்களில் ஏறக்குறைய எதிலும் தனிச் சேஸிஸ், அதாவது உடலுக்கு அடியில் பாரம் தாங்கும் உருக்குச் சட்டகம், கிடையாது. தரை, பக்கச் சுவர், தூண்கள், கூரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து, அந்தக் கூட்டையே பாரம் தாங்க விட்டுவிடுகிறார்கள். இதைத் தொடங்கி வைத்தது 1922இல் வந்த லான்சியா லாம்டா என்கிறார் ஒருவர். 1934இல் வந்த சித்ரோயன் டிராக்‌ஷன் அவான் என்கிறார் இன்னொருவர். ஜெர்மன் கார்களை நேசிப்பவர்கள் 1935 ஓப்பல் ஒலிம்பியாவையும், அமெரிக்கக் கார்களை நேசிப்பவர்கள் 1941 நாஷ் 600ஐயும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நால்வரும் தங்கள் காரைத்தான் முதல் என்கிறார்கள்.

யார் முதல் என்பதைவிட எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. லாம்டா அவ்வளவு நல்ல யோசனை என்றால், மற்றவர்கள் ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சக்கரம் எழுதியது:

நான் லாம்டாவின் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டூரினில் வின்சென்சோ லான்சியா 1918 இறுதியிலேயே சட்டகம் இல்லாத காருக்குக் காப்புரிமை கோரிவிட்டார். கப்பலின் உடலைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்வார்கள். 1921இல் மாதிரி கார் ஓடியது. 1922 பாரிஸ் கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது. பத்திஸ்தா ஃபால்கெத்தோ என்ற இளம் வரைவாளர் லான்சியாவுடன் உட்கார்ந்து அந்த உடலையும் முன் சஸ்பென்ஷனையும் வரைந்தார்.

வெளித்தகடு பொருத்தாத லாம்டாவின் படம் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். மற்ற கார்களில் தரைக்கு அடியில் இரண்டு நீளமான உருக்கு வாரைகள் இருக்கும். இதில் அவை இல்லை. அவற்றுக்குப் பதிலாக இருபுறமும் ஆழமான பக்கச் சுவர் எழுந்து நிற்கும். அழுத்தி வடிவமைத்த உருக்குத் தகடு அது. எடையைக் குறைக்க அதில் பெரிய பெரிய துளைகள் வெட்டியிருப்பார்கள். கதவுக்காகச் சுவரைக் கொஞ்சமாகத்தான் தாழ்த்தியிருப்பார்கள்; அதனால்தான் லாம்டாவின் கதவுகள் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன. இரு சுவர்களையும் குறுக்கே பிணைப்பவை இருக்கைகளுக்கு அடியிலும் முதுகுப் பக்கத்திலும் உள்ள தடுப்புகள். நடுவில், பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடுவதற்கு ஒரு சுரங்கம். அந்தச் சுரங்கமும் உடலுக்கு முதுகெலும்பாக வேலை செய்கிறது. எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தவை.

இதனால் என்ன நடந்தது தெரியுமா? அதுவரை காரில் ஏறினால் சட்டகத்தின் மேல்தான் உட்கார வேண்டும். லாம்டாவில் சுவர்களுக்கு நடுவே இறங்கி உட்காரலாம். கார் தாழ்ந்தது, எடையின் மையமும் தாழ்ந்தது. முன் சக்கரங்கள் தனித்தனியாகத் துள்ளும் சஸ்பென்ஷன், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக், மிகக் குறுகிய கோணத்தில் அமைத்த 2.1 லிட்டர் V4 இன்ஜின் எல்லாம் சேர்ந்தபோது வளைவுகளில் அதற்கு நிகராக வேறு கார் இல்லை. முன் சக்கரங்களைத் தனித்தனியாக ஆட விட வேண்டுமானால் அவற்றைப் பிடித்திருக்கும் உடல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை லான்சியா அன்றே உணர்ந்திருந்தார்.

1931 வரை ஏறத்தாழ 11,000 லாம்டாக்கள் விற்றன. சோதனைக் கார் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பணம் கொடுத்து மக்கள் வாங்கி ஓட்டிய கார்.

ஏணிப்படி எழுதியது:

பழஞ்சக்கரம் ஐயாவுக்கு வணக்கம். லாம்டாவுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டெயின்ஸ் நகரில் லகோண்டா நிறுவனம் 1913இல் 11.1 என்ற சிறிய காரை வெளியிட்டது. அதன் உடலும் ரிவெட் அடித்த தகடுகளால் ஆன மோனோகாக்தான், அதாவது தனிச் சேஸிஸ் இல்லாமல் தானே பாரம் தாங்கும் கூடு. அதற்கும் ஓராண்டு முன்னால் விமானத்தில் இதே கருத்து வந்துவிட்டது: 1912இல் லூயி பெஷெரோ வடிவமைத்த டெப்பர்டுஸ்ஸன் பந்தய விமானம். மெல்லிய மரத்தகடுகளை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளே கனமான எலும்புக்கூடு இல்லாமல் உடலைச் செய்தார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கார்டன் பென்னட் விமானப் பந்தயத்தில் அதுதான் வென்றது.

ஆகவே வெளிக்கூடே பாரம் தாங்கட்டும் என்ற கருத்து யாருடைய தனிச் சொத்தும் இல்லை. காற்றில் மிதந்துகொண்டிருந்த கருத்து அது.

உருக்குத்தூள் எழுதியது:

நான்காம்கியர் கேட்ட இரண்டாவது கேள்விக்குத்தான் என் பதில். இதுவரை ஐரோப்பாவையே சுற்றிவருகிறோம். பிலடெல்பியாவுக்குப் போகாமல் இந்தக் கதை முடியாது.

அந்தக் காலத்துக் கார் உடல்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே மரச்சட்டம், வெளியே ஆணியடித்த தகடு. குதிரை வண்டி செய்த தச்சர்களின் வேலைமுறை அப்படியே காருக்கு வந்திருந்தது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், மூட்டு தளரும். அப்படிப்பட்ட உடலை நம்பிப் பாரத்தை ஏற்ற முடியாது. வண்டியோடு சேர்ந்து உடல் நெளிந்து கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. 1920களில் சார்ல்ஸ் வெய்மன் மரச்சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, கிறீச்சிடாமல் நெளியும் உடல்களைச் செய்து பெரும் புகழ் பெற்றார். லாம்டா விற்பனையில் இருந்த அதே ஆண்டுகளில் அதற்கு நேர் எதிரான வழியும் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தது.

எட்வர்ட் பட் 1912இல் பிலடெல்பியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய தலைமைப் பொறியாளர் வியன்னாவில் பிறந்த ஜோசப் லெட்விங்கா. டாட்ரா கார்களைச் செய்த ஹான்ஸ் லெட்விங்கா வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். மரமே இல்லாமல், அழுத்தி வடிவமைத்த உருக்குத் தகடுகளைப் பற்றவைத்து முழு உடலைச் செய்வதுதான் இவர்கள் வேலை. டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் புதிய காருக்கு இந்த உருக்கு உடலைத்தான் வாங்கினார்கள். அந்த உடலுக்குக் கீழே அப்போதும் தனிச் சேஸிஸ் இருந்தது என்பது உண்மை. ஆனால் மரம் போன பிறகுதான் சேஸிஸையும் எடுத்துவிடலாமா என்ற கேள்வியே எழ முடியும். மரம் இல்லாத உடலைச் சூளையில் வைத்துச் சுடலாம் என்பதால் பெயின்ட் காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. முதலாளிகளை இழுத்தது இந்தக் கணக்குதான்.

இதற்குத் தேவையானவை மூன்று. முதலாவது, அகலமான, ஒரே சீரான தகடு. கென்டக்கியின் ஆஷ்லண்டில் ஆர்ம்கோ நிறுவனம், உருக்கை நிறுத்தாமல் உருட்டி அகலத் தகடாக்கும் தொடர் உருட்டாலையை 1920களின் நடுவில்தான் ஓட வைத்தது. அதற்கு முன்பு கூரை முழுவதையும் ஒரே தகட்டில் அடிக்க நினைத்தாலும் அந்த அகலத்தில் தகடு கிடைக்காது. அதனால்தான் 1930களின் நடுப்பகுதி வரை பல கார்களின் கூரை நடுவில் துணி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 'டரெட் டாப்' என்று பெயரிட்டு முழு உருக்குக் கூரையைக் கொண்டுவந்தது 1935 மாடல்களில்தான். இரண்டாவது, அந்தத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் ராட்சத பிரஸ்ஸும் அதற்கான டையும் (அச்சும்). மூன்றாவது, ரிவெட்டுக்குப் பதிலாக மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக நொடிப்பொழுதில் பிடிக்கும் ஸ்பாட் வெல்டிங். அதன் அடிப்படையை எலிஹு தாம்சன் 1880களிலேயே கண்டுபிடித்திருந்தாலும், கார் உடல் முழுவதற்கும் அதைப் பழக்கியவர்களில் பட் நிறுவனத்தார் முன்னணியில் நிற்கிறார்கள்.

இனி வரைபடத்தைப் பாருங்கள். 1924இல் சித்ரோயன் பட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, B10 என்ற முழு உருக்குக் காரைக் காட்டியது. 1926இல் பெர்லினில் ஆம்பி-பட். அதே 1926இல் இங்கிலாந்தின் கௌலியில் வில்லியம் மோரிஸுடன் கூட்டாகப் பிரெஸ்டு ஸ்டீல் நிறுவனம். பத்தாண்டு கழித்து சேஸிஸ் இல்லாத கார்கள் எந்த நாடுகளில் முளைத்தன? பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து. விதை எங்கிருந்து போனது என்பது கண்முன் தெரிகிறது.

லான்சியாவிடம் யோசனை இருந்தது. ஆனால் ரிவெட் அடித்து, ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கார்கள் செய்யும் பட்டறையில் அந்த யோசனை விலை குறைந்த பொருளாக மாறாது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் உருட்டாலைக்கும் பிரஸ்ஸுக்கும் வெல்டிங்குக்கும் தேவைப்பட்ட காலம்.

நான்காம்கியர் எழுதியது:

அருமை. இப்போது இன்னொரு சந்தேகம். கனமான இரண்டு உருக்கு வாரைகளை எடுத்துவிட்டு மெல்லிய தகட்டை வைத்தால் எப்படி வலு கூடும்? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரும் இதே வகைதானா?

கணக்குவாத்தியார் எழுதியது:

தம்பி, வலு எடையால் மட்டும் வருவதில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் வருகிறது. ஏணி வடிவச் சேஸிஸின் உயரம் ஒரு சாண்கூட இராது. ஒரு வாரையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் அது வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகிறது. காரின் தரையிலிருந்து கூரை வரையுள்ள உயரம் முழுவதையும் ஒரே வாரையாகப் பயன்படுத்த முடிந்தால், மெல்லிய தகடே போதும்.

வளைவைவிட முறுக்குதான் பெரிய எதிரி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி கோணலாக முறுக்கப்படுகிறது. பழைய சேஸிஸ்களில் பெரும்பாலானவை ஒரு பக்கம் திறந்த 'ப' வடிவ வாரைகள். அவை முறுக்கை எதிர்ப்பதில் மிகவும் பலவீனமானவை. நான்கு பக்கமும் மூடிய குழாய் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கிப் பார், பிறகு உறைக்குள் செருகி முறுக்கிப் பார், கையே சொல்லிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கதவுக்கும் கண்ணாடிக்கும் ஓட்டை போட வேண்டியிருக்கிறது. அங்கே பாரம் சுற்றிக்கொண்டு போவதற்கு வழி வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ சில், முன்கண்ணாடித் தூண், நடுத்தூண், கூரை ஓரம் ஆகியவைதான் அந்த வழி. லாம்டா கூரை இல்லாத கார். அதனால்தான் அதன் பக்கச் சுவர் அவ்வளவு ஆழமாக இருக்க வேண்டியிருந்தது. கூரையையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கார்கள் அதற்குப் பிறகு வந்தவை.

டெப்பர்டுஸ்ஸன் விமானத்தின் கூட்டையும் இந்தக் கார்களையும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே தோலே பெரும்பாலான பாரத்தைத் தாங்குகிறது. 1930களின் கார்களில் தரைக்கு அடியில் பெட்டி வாரைகளைத் தகட்டோடு பற்றவைத்திருப்பார்கள். தோலும் எலும்பும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இன்றைய கார்களும் அப்படித்தான்.

பீட்டில் இந்த வகையில் சேராது. நடுவே முதுகெலும்புக் குழாய் ஓடும் தரைத்தட்டு தனி; அதன்மேல் உடலைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைத் தூக்கிவிடலாம்.

பழஞ்சக்கரம் எழுதியது:

உருக்குத்தூள் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, மறுக்கவும் விரும்பவில்லை. ஆனால் பிரஸ்ஸும் தகடும் தாமாகவே காரை வரைந்துவிடாது. டிராக்‌ஷன் அவானை வரைந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆந்த்ரே லெஃபெவ்ர் படித்தது விமானப் பொறியியல். வேலைக்குப் போனது காப்ரியேல் வொய்சானிடம். வொய்சான் போர்க்காலத்தில் விமானம் செய்தவர், போர் முடிந்ததும் கார் செய்தார். 1923இல் தூர் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸுக்காக வொய்சான் குழு 'லாபரத்துவார்' என்ற காரைச் செய்தது. மரமும் அலுமினியத் தகடும் சேர்ந்த, சேஸிஸ் இல்லாத உடல். இன்ஜின் சக்தி குறைவு. லெஃபெவ்ரே அதில் ஒன்றை ஓட்டி ஐந்தாவதாக வந்தார். பத்தாண்டு கழித்து, 1933 மார்ச்சில் சித்ரோயனில் சேர்ந்தார். 1934 ஏப்ரலில் டிராக்‌ஷன் அவான் வெளிவந்துவிட்டது. பதின்மூன்று மாதம்! முன்சக்கர இயக்கம், முறுக்கும் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் பிரேக், சேஸிஸ் இல்லாத உடல் எல்லாவற்றையும் ஒரே காரில் வைத்து, அதையும் அந்தக் கால அளவுக்குள் முடித்த துணிச்சலை நினைத்தால் இன்றும் மூச்சு முட்டுகிறது. வடிவத்தைக் கொடுத்தவர் ஃபிளாமினியோ பெர்தோனி. அவர் சிற்பி. வரைபடத்தை நம்பாமல் கையால் களிமண் பிசைந்து காரின் உருவத்தைச் செய்தார்.

அதன் முன்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பயணிகள் அமரும் கூட்டிலிருந்து இரண்டு தடித்த கொம்புகள் முன்னோக்கி நீண்டிருக்கும். இன்ஜின், கியர்பெட்டி, முன்சக்கரங்கள் எல்லாம் அந்தக் கொம்புகளில்தான் தொங்குகின்றன. போல்ட்டுகளைக் கழற்றினால் முன்பகுதி முழுவதையும் உருட்டி வெளியே கொண்டுபோய் வேலை பார்க்கலாம். பின்சக்கரங்களுக்குச் சக்தி போக வேண்டியதில்லை என்பதால் நடுவே சுரங்கமும் இல்லை. தரை சமதளம். ஏறுவதற்குப் படிப்பலகை தேவையில்லாத அளவுக்குத் தாழ்ந்த கார்.

ஆந்த்ரே சித்ரோயன் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பாரிஸின் ஜாவெல் தொழிற்சாலையைப் பெரும் செலவில் புதுப்பித்தார். தானியங்கி கியர் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டு, அவசரமாகச் சாதாரணக் கியர்பெட்டி வரையப்பட்டது. முதல் மாதங்களில் வாங்கியவர்கள் கோளாறுகளோடு திரும்பி வந்தார்கள். 1934 டிசம்பரில் நிறுவனம் திவாலாகி டயர் நிறுவனமான மிஷலின் கைக்குப் போனது. 1935 ஜூலையில் ஆந்த்ரே சித்ரோயன் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கார் 1957 வரை உற்பத்தியில் இருந்தது. ஏறத்தாழ 7,60,000 கார்கள். அதில் ஒரு சிறு பங்கின் வெற்றியைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை.

லான்சியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாம்டாவுக்குப் பிறகு அவர்கள் செய்த டிலாம்டா, ஆர்த்தேனா, அஸ்தூரா மூன்றுக்கும் தனிச் சேஸிஸ்தான். பணக்கார வாடிக்கையாளர்கள் தங்களுக்குப் பிடித்த உடலைத் தனியே கட்டிக்கொள்ள விரும்பினார்கள். சேஸிஸ் இல்லாவிட்டால் உடல் கட்டுபவருக்கு அங்கே என்ன வேலை? லாம்டாவிலேயே பிந்திய வரிசைகளில் தனிச் சேஸிஸ் கேட்டு வாங்க முடிந்தது. பிறகு 1933இல் மூடிய உருக்கு உடலோடு, நடுத்தூணே இல்லாமல் வந்த சிறிய கார் அகஸ்தா. அதில் லான்சியா மறுபடி தன் வழிக்குத் திரும்பினார்.

பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

பெரிய விஷயங்களை எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். தகர வேலை செய்பவன் பார்வையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நம் ஊரில் பலர் அம்பாசடருக்குச் சேஸிஸ் இருக்கிறது என்றே நினைக்கிறார்கள். அந்த வண்டியின் எடையும் உறுதியும் அப்படி நினைக்க வைக்கின்றன. அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும், அதுவும் மோனோகாக்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடல் அது. பிரீமியர் பத்மினியும், அதாவது பழைய ஃபியட் 1100உம், அப்படித்தான். உருக்குத்தூள் அண்ணன் சொன்ன கௌலிக் கதைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மோரிஸ் நிறுவனத்தின் முதல் சேஸிஸ் இல்லாத கார் 1938இல் வந்த டென் M வரிசை. அதைத்தான் இங்கே ஹிந்துஸ்தான் 10 என்று விற்றார்கள். ஆகவே நம் நாட்டில் கார் தயாரிப்பின் தொடக்க காலத்திலேயே மோனோகாக் வந்துவிட்டது.

பட்டறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பழைய அம்பாசடர் வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும். பின்கதவைத் திறந்து சாத்தினால் பூட்டு சரியாக விழாது, கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். உரிமையாளர் கீலை மாற்றச் சொல்வார். கீலில் ஒரு குறையும் இருக்காது. ஜாக்கியைச் சில்லுக்கு அடியில் வைத்து மெதுவாக ஏற்றினால், வண்டி எழும்புவதற்கு முன் தகடு நொறுங்கி உள்ளே போகும். கைவிட்டால் சிவப்புத் துருப்பொடி கொட்டும். உள்ளே பெட்டி முழுவதும் அரித்துவிட்டது, வண்டி நடுவில் தொய்கிறது, அதனால் கதவின் இடைவெளி மாறிவிட்டது.

இதைச் சரிசெய்யும்போது அவசரப்பட்டுச் சில்லை வெட்டிவிடக் கூடாது. முதலில் வண்டியை நான்கு இடங்களிலும் சமமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். கதவு வாயிலின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெட்டு. இல்லாவிட்டால் புதுத் தகட்டை வைத்து முடித்த பிறகு எந்தக் கதவும் சாத்தாது. லாரிக்கு வேலை பார்த்துப் பழகிய ஒருவர் இப்படித்தான் ஒரு வண்டியைக் கெடுத்து, பிறகு என்னிடம் வந்தது. லாரியில் கேபின் தகட்டை எப்படி வெட்டினாலும் கீழே சேஸிஸ் நிற்கும். இதில் தகடுதான் சேஸிஸ்.

அந்தக் காலத்திலேயே இதுதான் பெரிய குறை. 1930களில் செய்தவர்களுக்குத் துருவைப் பற்றி இன்று இருக்கும் அறிவும் பூச்சும் இல்லை. மூடிய பெட்டிக்குள் தண்ணீர் நுழைந்தால் வெளியேற வழி இல்லாமல் கட்டினார்கள்.

ஒரு கேள்வி. என் அப்பா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் நிற்கிறது. அது 1960களின் கார். அதற்கு மட்டும் ஏன் சேஸிஸ்?

உருக்குத்தூள் எழுதியது:

பட்டறைக்காரரே, எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தைக் கேட்டுவிட்டீர்கள்.

ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல்களை அடித்துக்கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. புதிய சிறிய காருக்கு முழு மோனோகாக் உடல் அடித்துத் தர ஆள் இல்லாமல் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் தவித்தது. அவ்வளவு பெரிய பிரஸ்ஸும் டையும் வைத்திருந்தவர்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேறு வழி இல்லாமல், காரைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். சிறு துண்டுகளை வெவ்வேறு ஆலைகளில் அடித்து, தனிச் சேஸிஸின் மேல் போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவானது. வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாத்தி. 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு அப்படித்தான் பிறந்தது.

நிர்ப்பந்தத்தில் வந்த வடிவம் வேறு நாடுகளில் தயாரிக்க வசதியாக அமைந்துவிட்டது. பெரிய பிரஸ் இல்லாத இடத்திலும் துண்டுகளைச் சேர்த்துக் காரை எழுப்பிவிடலாம். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. முன்மூடி முழுவதும் முன்னோக்கித் திறந்து, இன்ஜின் அப்படியே காற்றில் நிற்கும் காட்சியை அந்தக் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லாம்டா வந்து 37 ஆண்டுகள் ஆன பிறகும், யோசனை உலகுக்கே தெரிந்திருந்தும், பிரஸ் கைநழுவியதால் ஒரு பெரிய நிறுவனம் பின்னோக்கி நடந்தது. நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஏணிப்படி எழுதியது:

அப்படியானால் பட் பிறந்த அமெரிக்காவே கடைசியில் வந்தது ஏன்? உரிமம் கொடுத்த நாட்டில் 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே.

பழஞ்சக்கரம் எழுதியது:

முழுவதும் காத்திருக்கவில்லை. 1934 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ பாதித் தூரம் வந்தது. உடலுக்குள் உருக்குக் கூண்டு கட்டி, அதைச் சட்டகத்தோடு ஒன்றாக இணைத்தார்கள். பென்சில்வேனியாவில் 110 அடி உயரக் குன்றிலிருந்து ஆளில்லாமல் உருட்டிவிட்டு, பிறகு அதே காரை ஓட்டிச்சென்று விளம்பரம் செய்தார்கள். ஆனாலும் மக்கள் அதன் முகத்தை விரும்பவில்லை. 1936 மாடலாக லிங்கன் செஃபிர் வந்தது. ஜான் யார்டா வரைந்த அதில் உடலும் சட்டகமும் ஒரே கட்டுமானம்.

தடையாக நின்றது அங்கே பழகிப்போன வணிகமுறை. ஆண்டுக்கு ஒருமுறை காரின் தோற்றத்தை மாற்றி விற்பவர்களுக்குத் தனிச் சேஸிஸ் வரம். அடியில் இருப்பதைத் தொடாமல் மேலே மட்டும் மாற்றலாம். மோனோகாக்கில் ஒரு வளைவை மாற்றினால் பாரம் போகும் வழியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டைகளின் விலையோ மலைபோல. இன்னொன்று, சாலையின் இரைச்சல். சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் வைத்து இரைச்சலைத் தடுக்கலாம். ஒரே கூடாக இருந்தால் அது நேராகக் காதுக்கு வரும். பெரிய, அமைதியான கார் கேட்பவர்களிடம் இது எடுபடாது.

நாஷ் நடுத்தர நிறுவனம். அடிக்கடி முகம் மாற்றும் வசதி அவர்களுக்கு இல்லை. எரிபொருள் சிக்கனத்தால்தான் விற்க வேண்டும். எடை குறைந்ததால் காலனுக்கு 30 மைல் ஓடும், 20 காலன் டாங்க், ஆகவே ஒருமுறை நிரப்பினால் 600 மைல் என்று விளம்பரம் செய்தார்கள். நாஷ் 600 என்ற பெயர் அந்தக் கணக்குதான். பெரிய நிறுவனங்கள் சிறிய கார்களுக்கு முழுமையாக இறங்கியது 1960 மாடல்களில். கார்வேர், ஃபால்கன், வேலியன்ட் மூன்றும் சேஸிஸ் இல்லாதவை.

ஜெர்மனியில் நிலைமை வேறு. ஓப்பல் 1929 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. சொந்த ஊரில் பெரிய கார்களில் தயங்கிய அதே நிறுவனம், 1935இல் ஒலிம்பியாவையும், அடுத்து கடெட்டையும், 1937இல் இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் 10ஐயும் சேஸிஸ் இல்லாமல் விற்றது. உருக்கை மிச்சப்படுத்த வேண்டிய சிறிய காருக்குத்தான் இது முதலில் பொருந்தியது. கடெட்டின் வடிவத்தைப் போருக்குப் பின் சோவியத் நாடு எடுத்துக்கொண்டது. 1946 இறுதியில் மாஸ்கோவில் மஸ்க்விச் 400 என்ற பெயரில் அது மறுபடி பிறந்தது.

பெரம்பூர்_ரயில் எழுதியது:

கார் இழைக்குள் ரயில்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். பட் நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிராக்‌ஷன் அவான் வெளிவந்த அதே 1934 ஏப்ரலில்தான் பட் நிறுவனம் பர்லிங்டன் செஃபிர் ரயிலை முடித்து வெளியே விட்டது. துருப்பிடிக்காத உருக்கு, 'ஷாட்வெல்ட்' என்று அவர்கள் பெயரிட்ட ஸ்பாட் வெல்டிங். கார் உடலில் பழகிய கை ரயிலுக்குப் போனது.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955 அக்டோபரில் தொடங்கியபோது சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. அதிலும் அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒரே குழாயாகப் பாரம் தாங்கும். அதற்கு முன் ஓடிய மரப்பெட்டிகளில் கனமான அடிச்சட்டத்தின் மேல் மர உடல் உட்கார்ந்திருக்கும். விபத்து நடந்தால் அடிச்சட்டம் பிழைக்கும், மேலே இருந்த உடல் சிதறிவிடும். புதிய பெட்டியில் உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்கு இந்தக் கட்டுமானம் பெரிய காரணம். எங்களுக்கு இது படிப்பறிவு மட்டும் இல்லை, பிழைப்பும்கூட.

நான்காம்கியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பட்டறை அண்ணனிடம் இன்னும் ஒன்று. 1960களின் அம்பாசடர் ஒன்று விலைக்கு வருகிறது. மோனோகாக் என்று தெரிந்துகொண்ட பிறகு எங்கே பார்த்து வாங்குவது?

பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

தம்பி, பெயின்ட்டைப் பார்க்காதே. மாலை நேரத்தில் போகாதே, பகல் வெளிச்சத்தில் போ. நான்கு கதவுகளையும் திறந்து மெதுவாகச் சாத்து. தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால் காரணம் கேள். சில்லின் அடிப்பாகத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போ. நல்ல தகட்டில் ஓசை கணீரென்று வரும், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மூடிய இடத்தில் மந்தமாக வரும். கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள். பட்டி தடித்திருந்தால் ஒட்டாது. முன் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் பெட்டி வாரைகளில் ஒட்டுத்தகடு போட்டிருக்கிறார்களா என்று படுத்துப் பார். பின் ஸ்பிரிங்கின் முன்கண் உடலோடு சேரும் இடத்தைக் கட்டாயம் பார். கால்மிதியை விலக்கித் தரையையும் பார், மழைநீர் தேங்கும் இடம் அது.

தரை ஓட்டையாக இருந்தால் பயப்படாதே, அது எளிய வேலை. இரண்டு சில்லும் போயிருந்து கதவும் தொய்ந்திருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேள். கொடுக்காவிட்டால் விட்டுவிடு. வாங்குவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.